வேலாயி கட்டிய மட்டை

பூப்பந்து மட்டைக்கு நரம்பு கட்டுவதில் ராமையாவை மிஞ்ச ஆளில்லை என்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், உண்மையில் அந்த நரம்பைக் கட்டிக்கொண்டிருந்தவள் அவன் பெண்டாட்டி வேலாயி. தேயிலை உருட்டும் மெஷினில் ராமையாவின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கி, மடங்காமலே போய்விட்டன. துரைமார் கிளப்பில் மட்டை கட்டும் வேலை கைவிட்டுப் போய்விடக்கூடாதே என்று இருவரும் மூச்சுவிடவில்லை. கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டுக்குள் அவள் கட்டுவாள். தலையைப் படிய வாரிக்கொண்டு அவன் எடுத்துப்போய்க் கொடுப்பான். பாராட்டையும் அவனே வாங்கிக்கொண்டு வருவான். வேலாயிக்கு அதில் எரிச்சலே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன்.

பிறகு மலாய் நாட்டுக்குள் ஜப்பான்காரன் வந்தான். துரைமார்கள் இரவோடு இரவாகக் கம்பி நீட்டினார்கள். நாற்பத்து மூன்றில் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு எஸ்டேட்டுக்கு உத்தரவு வந்தது. பத்துப் பேர் பட்டியலில் ராமையாவின் பெயரும் இருந்தது. மடங்காத விரல்களைக் கொண்டுபோய்க் காட்டினான். மண் சுமக்க விரல் எதற்கு என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்னே சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. வேலாயிக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. சோறு ஏது, மரவள்ளிக்கிழங்குதான், அதுவும் இறங்கவில்லை.

ஆட்களை ஏற்றிப்போகும் லோரி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. திங்கட்கிழமை மத்தியானம், எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி நாகரத்தினம் ஒரு சாக்குப்பையோடு வாசலில் வந்து நின்றார். பைக்குள் ஒரு மட்டை. வளையத்தில் நீளமாக ஒரு விரிசல், நரம்பெல்லாம் அறுந்து தொங்கியது.

"ஜப்பான் அதிகாரியோடது. தூணுல அடிச்சிட்டாரு. இன்னொரு ரேக்கெட்ட டவுன்ல ஒருத்தன் கட்டிக் குடுத்தான், ரெண்டே நாள்ல சட்டம் கோணிப்போச்சு. அவன் வாங்குன அறையில எனக்கே கன்னம் வலிச்சிச்சு. ராமையா, உன்னால முடியுமா?"

"முடியுங்க," என்றாள் வேலாயி, ராமையா வாயைத் திறப்பதற்குள். "ஆனா இவரு பேர எடுத்துடணும், கிராணி ஐயா."

"நல்லா கட்டுற ஆளா இருந்தா இங்கேயே வச்சுக்கிறேன்னு சொல்லியிருக்காரு. நாளைக்கே குடுத்துடுங்க."

"நாளைக்கு ஆகாதுங்க. வச்சிரப்பச காயறதுக்குள்ள நரம்ப இழுத்தா மறுபடியும் பொளந்துக்கும். வெள்ளிக்கிழம காலையில தர்றோம்."

"அன்னிக்குத்தான் லோரி வருது, தெரியுமில்ல?"

"தெரியுங்க," என்றாள். மட்டையை வெளிச்சத்தில் திருப்பி விரிசலைத் தடவிப் பார்த்தாள்.

விரிசலை ஈர்க்குச்சியால் சுத்தம் செய்து, தேயிலைப் பெட்டி அடிக்கும் தச்சர்கள் உருக்கும் வச்சிரப்பசையை ஊற்றி, துணியால் இறுகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். அந்த மலைப் பனியில் பசை அவ்வளவு சுலபத்தில் காய்ந்துவிடுமா? புதன்கிழமை ராமையாவுக்குப் பொறுமை போய்விட்டது. துணியை அவிழ்க்கப் போனவனின் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். வியாழக்கிழமை தானே அவிழ்த்துப் பார்த்தாள். ஒட்டியிருந்தது. மாவுச் சாக்கில் உருவிய நூலை அந்த இடத்தில் நெருக்கமாகச் சுற்றி, அதன்மேலும் பசை பூசினாள். கிளப்பு மூடியபோது எடுத்து வைத்த ஆட்டுக்குடல் நரம்பு ஒரு சுருள், ஈரம் ஏறாமல் காய்ந்த தேயிலைத் தூளுக்குள் புதைத்து டின்னில் கிடந்தது. விடியற்காலையில் கட்டி முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கில் மண் விழுந்தது. டவுன்காரனிடம் ஏமாந்த அதிகாரி, இந்த முறை தன் கண்ணெதிரிலேயே கட்ட வேண்டும் என்று விடியும்போதே ஆள் அனுப்பிவிட்டார்.

ஆபீஸ் வாசலில் லோரி நின்றது. ஒன்பது பேர் மூட்டையோடு ஏறியிருந்தார்கள். ராமையாவின் மூட்டையும் கீழே தயாராக இருந்தது. உள்ளே அவன் மட்டையை மடியில் வைத்து நரம்பை முதல் துளையில் கோத்து இழுத்தான். வழுக்கியது. இரண்டாவது தடவை, சுருள் கையிலிருந்து துள்ளித் தரையில் ஓடியது. அதிகாரியின் முகம் இருண்டது. கிராணி தரையைப் பார்த்தார்.

கதவோரம் டின்னோடு நின்ற வேலாயி யாரிடமும் கேட்கவில்லை. நேரே போய்ப் புருஷன் மடியிலிருந்து மட்டையை எடுத்துக்கொண்டு அவனருகில் உட்கார்ந்தாள். கொழுந்து கிள்ளிக் காய்ப்பேறிய விரல்கள் அவளுடையவை. கோத்தாள், இழுத்தாள், நரம்பு தளராதபடி குத்தூசியைத் துளையில் செருகினாள், அடுத்ததற்குப் போனாள். ஒட்டிய இடம் வந்தபோது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். பிளக்கவில்லை. கடைசி முடிச்சைப் போட்டு நரம்பைச் சுண்டினாள். கணீரென்றது.

அதிகாரி வெளியே போய்ப் பந்தை நாலைந்து தரம் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "பாகுஸ்," என்றார். பிரமாதம் என்று அர்த்தம். வேலாயியைக் கையால் காட்டி, இந்த ஆள் சயாமுக்குப் போக வேண்டாம் என்று மலாயில் சொன்னார்.

கிராணி தலையைச் சொறிந்தார். "உம்பேரு லிஸ்ட்லயே இல்லையே வேலாயி, உம்புருஷன் பேருதானே இருக்கு!"

கட்டியது அவள் என்று காட்டிக்கொடுத்ததே புருஷனுக்கு வினையாகிவிட்டதே! ஒரு கணம்தான். அதிகாரியிடமிருந்து மட்டையை வாங்கி ராமையாவின் முழங்கால்களுக்கு நடுவே வைத்து, அவன் இரு உள்ளங்கைகளையும் எடுத்து வளையத்தை அழுத்திப் பிடிக்க வைத்தாள்.

"அவருகிட்ட சொல்லுங்க ஐயா. சட்டத்த இப்படி ஒருத்தர் புடிக்கலேன்னா கோணிடும். டவுன்காரன் ஒத்தையா கட்டினான், அதான் கெட்டுச்சு. இவரு புடிச்சாத்தான் நான் கட்டுவேன்."

அதில் எவ்வளவு நிஜம் என்று கேட்காதீர்கள். அவள் வீட்டில் தனியாகக் கட்டிய மட்டைகள் எத்தனையோ. கிராணிக்கும் அது பிடிபட்டிருக்கும். இருந்தும் ஓர் எழுத்து குறையாமல் மலாயில் எடுத்துச் சொன்னார், புண்ணியவான். அதிகாரி அந்த மடங்காத விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போகட்டும் என்று கையை வீசிவிட்டு, மட்டையை எடுத்துக்கொண்டு ஆட்டத்துக்குப் போனார். கிராணி பேனாவை எடுத்து ராமையாவின் பெயரை அடித்தார்.

லோரி புறப்பட்டபோது லயமே அழுதது. வேலாயியும் சத்தம் போட்டு அழுதாள். மற்றப் பெண்களின் அழுகை வேறு, தன்னுடையது வேறு என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசியது. ஆனாலும் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியதை என்ன செய்ய முடியும்? லோரி வளைவில் மறைந்த பின்னும் ராமையாவின் சட்டையை அவள் இறுகப் பிடித்தபடியே நின்றாள்.

"விடு புள்ள, கிழிஞ்சிடும். இருக்கிறது இந்த ஒரு சட்டதான்."

"கிழியட்டும்," என்றாள் வேலாயி.