ஜமக்காளத்துக்கு அடியில் ஒரு கடல்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் என் மாமாவைத் திட்டியவர்களுக்குக் கணக்கே கிடையாது. அவர்களில் ஒருவர்கூட மாமாவை நேரில் பார்த்ததில்லை. எங்கோ வெளிநாட்டில், கடலுக்கு நடுவே தோண்டிய எண்ணெய்க் கிணறு வெடித்து, வாரக்கணக்கில் எண்ணெய் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குச் சொந்தக்காரக் கம்பெனிக்கு ஊர் உலகமெல்லாம் கோபமாக ஈமெயில் அனுப்பியது. அதற்கெல்லாம் பதில் எழுதும் வேலையை அந்தக் கம்பெனி ஹைதராபாத்தில் ஓர் அலுவலகத்திடம் விட்டிருந்தது. அங்கே உட்கார்ந்து பதில் எழுதியவர்களில் என் மாமாவும் ஒருவர்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து, ஹைதராபாத்தின் குஷாய்குடாவில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து ஹைடெக் சிட்டிக்கு ஏற்றிக்கொண்டு போகும், காலையில் கொண்டுவந்து இறக்கிவிடும். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் இட்லி சாப்பிட்டபடியே அன்றைக்கு வாங்கிய வசவுகளை ஒப்பிப்பார். மீன்பிடிக்கப் போக முடியாதவர்கள் திட்டினார்கள். கடற்கரையில் ஓட்டல் வைத்திருந்தவர்கள் திட்டினார்கள். என் வயசுப் பிள்ளை ஒன்று எண்ணெயில் முங்கிய பறவையை வரைந்து, அதன் கண்ணில் பெரிய சொட்டாகக் கண்ணீரும் வரைந்து அனுப்பியிருந்தது. மாமா எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் பதில் எழுதுவார். உங்கள் கவலையை மதிக்கிறோம், நடந்ததற்கு வருந்துகிறோம், விசாரணை நடக்கிறது.

அப்பாவுக்கு இது பொறுக்காது. அவர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அரசாங்க வேலை பார்த்தவர். அங்கே ஒரு ஸ்க்ரூடிரைவர் காணாமல் போனாலே ஆள் ஆளுக்கு மெமோ வரும்.

"அதெல்லாம் சரி மாப்ள, யாரு தப்புன்னு எழுதுவியளா, மாட்டியளா?"

"அது மட்டும் எழுதக் கூடாது அத்தான். வக்கீலுக சொல்லிட்டாவ. மத்தது என்ன வேணும்னாலும் எழுதலாம்."

எனக்கு இது ஏதோ விளையாட்டின் விதி போலத்தான் பட்டது. கல்லா மண்ணா விளையாட்டில் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்பது மாதிரி. இன்னொன்றும் மாமா சொல்லியிருந்தார். கம்பெனி கடலில் ஒரு மருந்தைத் தெளிக்கிறதாம். தெளித்ததும் எண்ணெய் அடியில் இறங்கிவிடுமாம், மேலே பார்த்தால் தண்ணீர் பளிச்சென்று இருக்குமாம். நல்ல மருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியில் எங்கள் சயின்ஸ் டீச்சர், தலைமுடி எண்ணெயை உறிஞ்சும், அதை மூட்டை கட்டிக் கடலில் போடுகிறார்கள் என்று சொன்னதும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. முடி சேர்த்து அனுப்பப் போவதாக வகுப்பே கிளம்பியது. நான் அம்மாவின் சீப்பில் சிக்கியதையும், தெருமுனை சலூனில் கேட்டு வாங்கியதையும் அப்பாவின் பழைய சாக்ஸில் திணித்துவைத்தேன். (அந்த முடி எந்தக் கடலுக்கும் போகவில்லை. பள்ளி ஆயாதான் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கொளுத்தினார்.) சாக்ஸ் உண்மையிலேயே எண்ணெய் குடிக்குமா என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. மாமா, ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்துபார்க்கலாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாமாவைப் பார்க்கப் பெண் வீட்டார் வருவதாக இருந்தது. மாமாவுக்கு இதற்கு முன் வந்த வரன்கள் எல்லாம் ஒரே காரணத்தால் தட்டிப்போயிருந்தன. பகலெல்லாம் தூங்குகிற மாப்பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. இந்த வரனும் போய்விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று அம்மா சொல்லிக்கொண்டே கேசரி கிளறிக்கொண்டிருந்தார். அப்பா வெற்றிலை வாங்கப் போயிருந்தார். பதினொரு மணிக்குத்தான் வருவார்கள் என்ற தைரியத்தில் நானும் மாமாவும் முன்னறையில் பெரிய தாம்பாளத்தை வைத்துத் தண்ணீர் நிரப்பி, அதில் நல்லெண்ணெயை ஊற்றினோம். மாமா தாராளமாகவே ஊற்றினார்.

பெண்ணின் அப்பா போலாரத்தில் ராணுவ அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கேயும் நேரத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிற மனிதர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பத்து மணிக்கே அழைப்பு மணி அடித்தது. மாமா துள்ளி எழுந்தார், கால் தாம்பாளத்தில் பட்டது, கடல் பாதி அறைக்குப் பரவியது.

மாமா கதவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு மூலையில் சுருட்டிவைத்திருந்த புது ஜமக்காளத்தை எடுத்து அதன் மேல் விரித்தார். மேலே பார்த்தால் பளிச்சென்று இருந்தது. மருந்து இல்லாமலேயே மாமா அதைச் செய்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

வெற்றிலையோடு திரும்பிய அப்பாவும் வாசலிலேயே அவர்களோடு சேர்ந்துகொண்டு, பெண்ணையும் அவருடைய அப்பா அம்மாவையும் உள்ளே அழைத்துவந்தார். நாற்காலி போதவில்லை. பெண்ணின் அப்பா, எனக்குத் தரைதான் வசதி என்று வெள்ளை வேட்டியோடு ஜமக்காளத்தின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சம்பளம், கோத்திரம், சொந்த ஊர் என்று பேச்சு நன்றாகத்தான் போனது. கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. லேசாக நகர்ந்து உட்கார்ந்தார். இன்னும் நகர்ந்தார். பிறகு எழப் பார்த்து வழுக்கி, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டியின் பின்பக்கத்தை எல்லோரும் பார்த்தார்கள். என் சாக்ஸ்கூட அவ்வளவு நன்றாகக் குடித்திருக்காது.

அம்மா நேராக என்னைப் பார்த்தார். என் கையில் முடி திணித்த சாக்ஸ் வேறு இருந்தது.

"ஏட்டி, என்னட்டி செஞ்சு வச்சிருக்கே?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா வாயைத் திறந்தார். வந்தது அலுவலகத்துப் பதில்தான்.

"நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படுதோம். எப்படி நடந்ததுன்னு விசாரிக்கணும்."

அவ்வளவுதான், விசாரணை ஆரம்பித்தது. தாம்பாளத்தைப் பரணிலிருந்து எடுத்தது யார் என்று அப்பா தொழிற்சாலைக் குரலில் கேட்டார். எண்ணெய்ப் பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தது யார் என்று அம்மாவை மடக்கினார். தாம்பாளத்தின் அடி நெளிந்திருப்பதால்தான் ஆடுகிறது, அதை வாங்கியது நீங்கள்தான் என்று அம்மா திருப்பினார். அப்பா செகந்தராபாத் பாத்திரக்கடைக்காரனைக் குற்றம் சொன்னார். கடைசியில் சுற்றிச் சுற்றி எல்லோர் கண்ணும் என்னிடமே வந்து நின்றது.  மாமா சொல்லிவிடுவார், சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதுவரை பேசாமலிருந்த பெண் எழுந்துவந்து ஜமக்காளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். தாம்பாளத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இவ்ளோ பெரிய தாம்பாளத்தைத் தண்ணியோட பாப்பாவால அசைக்கக்கூட முடியாது. யாருங்க கொட்டினது?"

"அடியே, நமக்குக் கைக்கு அதெல்லாம்?" என்று அவருடைய அம்மா, எதுக்கு என்பதை ஹைதராபாத் பேச்சில் 'கைக்கு' என்று சொல்லி, முந்தானையைப் பிடித்து இழுத்தார். பெண் மாமாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மாமா என் கையிலிருந்த சாக்ஸைப் பார்த்தார். ஊரில் தலைகாட்ட முடியாது என்று அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

"நான்தாங்க," என்றார். "கொட்டினதும் நான்தான், மூடி வச்சதும் நான்தான். பிள்ளை ஒண்ணும் செய்யல."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் பெண் சிரித்துவிட்டார்.

"ஹவ், இதை வந்ததுமே சொல்லியிருந்தா எங்கப்பா வேட்டி தப்பிச்சிருக்குமே!" ஹவ் என்றால் அங்கே ஆமாம்.

அவருடைய அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பாவின் லுங்கியைக் கட்டிக்கொண்டு கேசரியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வரன் கூடிவந்தது. அந்தப் பெண் இன்றைக்கு என் அத்தை. எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் கொட்டினாலும், யார் என்றுதான் முதலில் கேட்பார். அந்த மாதமே மாமா வேறு வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். இட்லியோடு வசவு கேட்பது நின்றுபோனதில் எனக்கு வருத்தம்தான்.

எனக்கு அன்றைக்குப் பிடிபடாதது வேறொன்று. அம்மா சீயக்காய்த் தூளும் பழந்துணியும் கொண்டுவந்தபோது மாமா அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். புதுப் பேண்ட்டோடு மண்டியிட்டு, சுவரோரம் வரைக்கும் தேய்த்தார். அப்பா கை கொடுக்க வந்தபோதும் விடவில்லை. எங்கள் வீட்டில் தரை துடைப்பது எனக்குத் தெரிந்து ஒரு தண்டனை. மாமாவோ எண்ணெய்க் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டு, பரீட்சை முடிந்த பிள்ளை மாதிரி இருந்தார். தான் கொட்டியதைத் தானே துடைப்பதில் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம் என்ன வந்துவிட்டது என்று, நனையாத சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்துக்கொண்டே நின்றேன்.