பாட்டின் நடுவில் வந்த ‘ம்’

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டுத்தான் என்று என் மனைவி ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பாள். நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவன். அந்தப் பாட்டும் ஆங்கிலப் பாட்டுத்தான். நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னர், தலைமயிர் நீட்டிய நாலு பேர் சேர்ந்து பாடிய றொக் பாட்டு. பல்கலைக்கழக விடுதியில் பக்கத்து அறைக்காரன் வைத்திருந்த கசற்றில் முதன்முதல் கேட்டேன். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

ஒற்றைக் கிற்றாரோடு மெல்லத் தொடங்கும். பாடுகிறவர் காதருகில் வந்து சொல்வதுபோலத் தணிந்த குரலில் பாடுவார். போகப் போகச் சத்தம் ஏறும். நடுவில் எல்லாம் திடீரென்று நின்றுவிடும். பேஸ் கிற்றார் மட்டும் அடித் தொண்டைச் சுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகுதான் ட்ரம்ஸ் விழும், பாட்டு வெடித்துத் திறக்கும். அந்த வெடிப்புக்காகத்தான் உலகமெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்திய அந்த ஒற்றைச் சுரம்.

மனைவி தாதியாக வேலை செய்கிறாள். அவளுக்கு அச்சுவேலிப் பக்கம் இடமாற்றம் வந்ததால் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். பல வருடமாக ஆட்கள் போகமுடியாமல் இராணுவம் அடைத்து வைத்திருந்த பகுதியிலிருந்து விடுபட்ட வீடு. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பித் திருத்தியிருந்தார். புது ஓடு, புதுக் கதவு, குழாய்க்கிணறு எல்லாம் இருந்தன. பின்வளவில் இருந்த பழைய கிணற்றைப் பிள்ளைகள் விழுந்துவிடாமல் கொங்கிறீற் மூடி போட்டு அடைத்து, காற்றுப் போக ஒரு குழாய்த்துண்டு மட்டும் விட்டிருந்தார்கள். அதன் மேல் நாங்கள் உடுப்புக் கூடையை வைப்போம், மிளகாய் காயவிடுவோம்.

குடிபோன கிழமை, ஒரு பின்னேரம், ஸ்பீக்கர் பெட்டியைப் பின் விறாந்தையில் வைத்து என் பாட்டைப் போட்டேன். மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேஸ் சுரம் வந்தது. அதனோடு இன்னொரு சத்தமும் வந்தது.

“இஞ்சாருங்கோ, என்ன சத்தம் உது?” என்றாள் மனைவி.

“பாட்டுத்தான்.”

“இல்லை. பாட்டுக்குக் கீழாலை ஒண்டு கேக்குது.”

எனக்கும் கேட்டது. வாயை மூடிக்கொண்டு ஓர் ஆள் நீட்டி முனகுவதுபோல. ட்ரம்ஸ் விழுந்ததும் அது மறைந்துவிட்டது. திரும்பப் போட்டேன். அதே இடத்தில் திரும்ப வந்தது. வேறு பாட்டுக்கள் போட்டேன். ஒன்றுக்கும் வரவில்லை.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவள் மகள். வளவெல்லாம் நடந்து திரிந்து, கடைசியில் கிணற்று மூடியில் காதை வைத்தாள். “அப்பா, இதுக்குள்ளையிருந்துதான்!” என்று கத்தினாள். அவள் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறவள். “போத்தல் வாயிலை ஊதினா சத்தம் வருமெல்லே, அதுதான். உங்கடை பாட்டிலை வாற அந்தச் சுரமும் கிணத்துக்குள்ளை இருக்கிற காத்தும் ஒத்துப்போகுது. பயப்பிட ஒண்டுமில்லை.”

பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என் பாட்டுக்கு ஒரு கிணறு கூடப் பாடுகிறது! வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன்.

ஆளுக்கொரு மாதிரிக் கேட்டார்கள். என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவர் பாட்டு முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, கிணற்றுச் சத்தம் தனக்குக் கேட்கவேயில்லை என்று சத்தியம் செய்தார். நீர்வேலியிலிருந்து வாழைக்குலை கொண்டுவருகிறவர், “தண்ணி மோட்டர் இழுக்காமல் நிண்டு முக்கிற மாதிரிக் கிடக்கு” என்று சொல்லிச் சிரித்தார். மனைவிக்கு அந்தச் சத்தம் பல்லில் கூசியது. அது வருகிற இடம் நெருங்கும்போது எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். மகளுக்குப் பாட்டுத்தான் பிடிக்கவில்லை. “கிணறு பரவாயில்லை அப்பா. அந்தாள்தான் ஏன் உப்பிடிக் கத்துறார்?”

கனடாவிலிருந்து மனைவியின் தமையன் வந்திருந்தார். அவரும் இளமையில் இந்தப் பாட்டோடு கிடந்தவர். பாட்டுத் தொடங்கியதும் முகம் மலர்ந்து, கதிரைக் கையில் விரலால் தாளம் போட்டார். ஒவ்வொரு வரியையும் கூடவே பாடினார். பிறகு அந்த இடம் வந்தது. விரல் நின்றது. அவர் பாட்டைக் கேட்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், நிப்பாட்டு.”

“ஏன் மச்சான்? இனித்தானே நல்ல இடம்.”

“குண்டு போட வாற பொம்மர் மேலை சுத்தேக்கை இப்பிடித்தான் கேக்கும். நிப்பாட்டு எண்டுறன்.”

நிப்பாட்டினேன். நெற்றி முழுக்க வேர்த்திருந்தது அவருக்கு. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் குளிர்நாட்டில் இருந்துவிட்டு வந்த மனிதர், எழும்பி எங்கள் முற்றத்தில் நின்று, ஒளிக்க இடம் பார்ப்பவர்போல நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். மகள் கலியாணம் கட்டிப் போனபிறகு தனியாக இருந்தார். நெற்றி நிறைய விபூதி பூசி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருப்பார். வேலிக்கு மேலால் சிரிப்பாரே தவிர, அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. சத்தம் கூடிவிட்டது என்று சொல்ல வருகிறாராக்கும் என்று நினைத்து நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

“இல்லைத் தம்பி. அந்தப் பாட்டை ஒருக்காப் போடுங்கோ.”

“எந்தப் பாட்டு அக்கா?”

“அவர் ‘ம்’ எண்டு சொல்லுற பாட்டு.”

எனக்கு விளங்கவில்லை. போட்டேன். கதிரை கொடுத்தோம், இருக்கவில்லை. நேரே போய்க் கிணற்று மூடியின் ஓரத்தில் குந்தினார். பாட்டு முழுவதும் பேசாமல் இருந்தார். அந்தச் சுரம் வந்ததும் தலையை ஒரு பக்கம் சரித்துக் கேட்டார். அவருடைய முகத்தில் பயம் இல்லை. பழகிய ஓர் ஆளோடு இருப்பவர்போல இருந்தார். அதைக் கண்டுதான் எனக்கு உடம்பு சில்லிட்டது.

அன்றைக்கு மனைவியிடம் அவர் சொன்ன கதை இது. சண்டை நெருங்கிச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து ஓடிய அன்று, அவருடைய புருஷன் பாதி வழியில் நின்றார். மாடுகள் கட்டியபடி நிற்கின்றன, அவிழ்த்து விட்டுவிட்டு வாறன் என்று சொல்லித் திரும்பி நடந்தார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அக்கா காத்துக்கொண்டிருந்தார். அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை. பாதை திறந்து, இராணுவம் காணியை விட்டு, வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தபோது மாட்டுக்கொட்டில்கூட இருக்கவில்லை.

“அவர் கதைக்கிறது குறைவு பிள்ளை” என்றார் அக்கா. “நான்தான் கதைச்சுக்கொண்டிருப்பன். அவர் ‘ம்’ கொட்டுவார். அதே ‘ம்’தான். எனக்குத் தெரியாதோ?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். காற்று, சுரம் என்று அவள் ஒன்றும் விளக்கவில்லை.

அதன்பிறகு அக்கா பின்னேரங்களில் வந்தார். நான் பாட்டைப் போடுவேன், அவர் மூடியில் இருந்து கேட்பார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கதைக்கவும் தொடங்கினார். முருங்கைக்கு மயிர்க்கொட்டிப் புழு வந்தது, சங்கக்கடையில் சாமான் எடுக்கக் கூப்பிட்டது, பேரப்பிள்ளைக்குப் பல்லு முளைத்தது என்று மெல்லிய குரலில் மூடியைப் பார்த்துச் சொல்லுவார். சொல்லி முடிக்கவும் அந்தச் சுரம் வரவும் சரியாக இருக்கும். பாட்டின் நீளம் அவருக்குப் பாடமாகிவிட்டதுதான் காரணம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அவர் கதைக்கும்போது நான் உள்ளே போய்விடுவேன். இரண்டு பேர் கதைக்கிற இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றுவிட்டது. ஸ்பீக்கர் செத்தது. பாடகரின் குரல் சொல்லின் நடுவில் அறுந்தது. பேஸ் சுரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. அக்கா கவனிக்கவில்லை, தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போனார். கோயில் திருவிழாவுக்கு இந்த முறை போவமோ என்று கேட்டுவிட்டு நிறுத்தினார்.

கிணற்றுக்குள் இருந்து ‘ம்’ என்று வந்தது.

மனைவியின் கையிலிருந்த கோப்பை நிலத்தில் விழுந்தது. மகள் என் கையைப் பிடித்தாள். எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. தோட்டப் பக்கம் எங்காவது மண்ணெண்ணெய் மோட்டர் ஓடியிருக்கலாம் என்று பிறகு நான் சொன்னேன். மகளும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்றாள். அக்காவோ ஒன்றும் நடக்காததுபோல எழும்பிச் சீலையைத் தட்டிவிட்டு, “வாறன் தம்பி” என்று போனார்.

“உந்தக் கிணத்தைத் திறவுங்கோ. இல்லாட்டி வேறை வீடு பாருங்கோ” என்றாள் மனைவி.

வீட்டுக்காரரோடு போனில் கதைத்தேன். அவர் மறுக்கவில்லை. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் வளவைச் சோதித்துத்தான் காணியை விட்டார்கள், கிணற்றின் அடியை யாராவது பார்த்தார்களா என்று தனக்குத் தெரியாது என்றார். அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கிணற்றுப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “திறக்கேக்கை நான் நிக்கவேணும்” என்றார்.

கிணறு இறைக்கிற ஆட்கள் ஒரு சனிக்கிழமை காலை வந்தார்கள். கொங்கிறீற் மூடியை ஜாக்கி வைத்துத் தூக்கி நகர்த்தியபோது உள்ளிருந்து பழைய இரும்பும் சேறும் கலந்த நாற்றம் எழும்பியது. அக்கா வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். அதற்கு முன் நான் அவரை வெள்ளைச் சேலையில் கண்டதில்லை. அப்போதுதான் கவனித்தேன், நெற்றியில் எப்போதும் இருக்கிற குங்குமப் பொட்டு அன்றைக்கு இல்லை. அவர் எதற்கு ஆயத்தமாக வந்திருக்கிறார் என்று விளங்கியதும் என் மனைவி போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் இறைத்து முடிய மத்தியானம் ஆகிவிட்டது. ஓர் ஆள் இறங்கிச் சேற்றை வாரி வாளியில் அனுப்பினான். பித்தளைக் குடம் ஒன்று வந்தது. குத்துவிளக்கு வந்தது. தையல் மெஷினின் தலை வந்தது. ஓடுகிற சனம் காப்பாற்ற நினைத்துக் கிணற்றுக்குள் போட்ட சாமான்கள். பிறகு கயிறு கட்டி ஒரு சைக்கிளைத் தூக்கினார்கள். துருவும் பாசியுமாக, தண்ணீர் சொட்டச் சொட்ட அது மேலே வந்தபோது எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

அக்கா கிட்டப் போனார். சேற்றைக் கையால் துடைத்துத் துடைத்து, ஹாண்டிலில் இருந்து பின் சில்லுவரை பார்த்தார்.

“உது அவற்றை சைக்கிள் இல்லை” என்றார். “அவர் நடந்துதானே போனவர்.”

சேறு முழுவதும் வந்து முடிந்தது. வேறு ஒன்றும் இல்லை. கீழே வெள்ளைப் பாறையில் புது ஊற்று கண் திறந்து ஊறுவது தெரிந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். பின்னேரம் நெற்றியில் பொட்டோடு திரும்பி வந்தார்.

“போடுங்கோ தம்பி.”

போட்டேன். திறந்த கிணற்றின் கட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தச் சுரம் வந்தது, போனது. ஒன்றும் கேட்கவில்லை. ட்ரம்ஸ் விழுந்தது. திரும்பப் போடச் சொன்னார். திரும்பவும் ஒன்றும் இல்லை. மகள் ஒரு தகரத்தை இழுத்து வந்து கிணற்று வாயை மூடிப் பார்த்தாள். அப்படியும் வரவில்லை.

“இப்ப இது வெறும் பாட்டு” என்றார் அக்கா.

பழைய மூடியைத் திரும்பப் போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு முதன்முறையாகக் கதிரையில் வந்து இருந்து, ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டார்:

“உந்தத் தம்பி என்ன சொல்லித்தான் பாடுறார்?”

முப்பது வருடத்துக்கு மேலாக நான் அந்தப் பாட்டைக் கேட்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் கருத்துச் சொல்வேன். ஆனால் எல்லாம் சேர்ந்து என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாரையோ கூப்பிடுகிறார், ஏதோ ஒரு வாசலைச் சொல்லுகிறார், அதற்கு மேல் பிடிபடாது. அப்படியே சொன்னேன்.

“இவ்வளவு காலமும் விளங்காமலோ கேட்டனீங்கள்?”

“ஓம் அக்கா.”

அவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். “இங்கிலிசு வாத்தியார்” என்றார். மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அதன்பிறகு பாட்டுக் கேட்க வரவில்லை. நானும் அதை அங்கே போடுவதைக் குறைத்துக்கொண்டேன். மச்சான் கனடாவிலிருந்து போன் எடுத்தபோது, கிணற்றைத் திறந்தோம், பழைய சாமான்களைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னேன். “நல்லது” என்றார். காரில் போகும்போது அந்தப் பாட்டு வந்தால் இப்போதும் நடுவிலே மாற்றிவிடுகிறாராம்.

கொஞ்ச நாள் கழித்து, உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி உள்ளே வந்தாள். “அக்கா வீட்டை ஆரோ வந்திருக்கினம் போலை. கதைச்சுக் கேக்குது” என்றாள். மகளாக்கும், பேரப்பிள்ளையோடு வந்திருக்கிறாளாக்கும் என்று நான் வேலியடிக்குப் போனேன். அக்கா வாசற்படியில் தனிய இருந்து முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். ஏதோ சொன்னார். நிறுத்தினார். ஒரு ‘ம்’ சொல்லக்கூடிய நேரம் பொறுத்தார். பிறகு அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டவர்போலத் தலையாட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கை மயிர் சிலிர்த்து நின்றது.

அவர் நிமிர்ந்து என்னைக் கண்டார். வெட்கப்படவில்லை.

“சத்தம் கூடிப் போச்சோ தம்பி?”

“இல்லை அக்கா” என்றேன். “நீங்கள் கதையுங்கோ.”