ஒருத்தி இரண்டு பேர்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘ஏன் அக்கா’. மாதாமாதம் தொழிற்சாலைகளுக்குப் போன் போட்டு, சம்பளப் பட்டியலில் எத்தனை பேர் என்று கேட்டுக் குறிப்பதுதான் அவள் வேலை. அதையெல்லாம் கூட்டித்தான் மாநிலத்தில் தொழிலாளர் கூடினார்களா குறைந்தார்களா என்று மேலிடம் சொல்லும். எண்ணை வாங்கிக்கொண்டு சும்மா போனை வைப்பவளா அவள்? கூடினாலும் ஏன், குறைந்தாலும் ஏன் என்று எதிர்முனையில் இருப்பவர் வாயைப் பிடுங்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த மாதம் பிஸ்கட் கம்பெனியில் ஆள் ஏறியிருந்தது. அதற்கு எதிரே இருக்கும் அட்டைப்பெட்டி கம்பெனியிலும் ஏறியிருந்தது. வேறெங்கும் குறையவில்லை. அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

“ஏன் ஏறுச்சுன்னு நாலு வரி எழுதிக் குடும்மா. நாளைக்கு மேல அனுப்பணும்.”

“அதான் சார் எனக்கும் புரியல. அத்தனை பேர் புதுசா எங்கிருந்து வந்தாங்க?”

“வானத்துல இருந்தா குதிச்சிருப்பாங்க? வேலை இருக்கு, வந்திருக்காங்க.”

அவளுக்கு மனசு ஆறவில்லை. தினமும் அவள் போகிற பஸ் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. ஒரு புது முகம் கண்ணில் படவில்லை. ‘வீடு வாடகைக்கு’ என்ற பலகைகள் தொங்கினபடியே தொங்குகின்றன. ஆள் வந்திருந்தால் எங்கேயாவது தங்க வேண்டாமா? அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் தங்கை பிஸ்கட் கம்பெனியில்தான் பாக்கெட் அடுக்குகிறாள். அவளைக் கேட்கலாமென்றால், கொஞ்ச நாளாக ஓவர்டைம் என்று சொல்லி, வீடு வந்ததும் சுருண்டு படுத்துவிடுகிறாள்.

நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று அன்று சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்தில் அங்கே போய் இறங்கினாள். பிஸ்கட் கம்பெனி கேட் திறந்தது. வெள்ளைத் தொப்பிக்காரர்கள் திமுதிமுவென்று வந்தார்கள். பாதிப் பேர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மீதிப் பேர் தெருவைக் கடந்தார்கள். கடக்கும்போதே தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்து, நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, அட்டைப்பெட்டி கம்பெனி வாசலில் வரிசையாக நின்றார்கள். அங்கே ஷிப்ட் முடிந்து வந்தவர்களில் சிலர் நீலக் கோட்டைக் கழற்றி, வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு பிஸ்கட் கம்பெனிக்குள் நுழைந்தார்கள். அட, இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு கம்பெனியும் தங்கள் பட்டியலைச் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியது அவள்தான்.

வரிசையின் கடைசியில் ஒருத்தி கோட்டுக்குள் கையை நுழைக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தாள். யாரென்று பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

“இதுதான் உன் ஓவர்டைமா?”

தங்கை அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். “கத்தாதக்கா. ஒரு சம்பளம் எந்த மூலைக்கு? இங்க வேலை பாக்கறது அங்க தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. நீ பாட்டுக்கு எதையாவது எழுதி வச்சிடாத.”

அக்காவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஊரெல்லாம் ஏன் ஏன் என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் படுத்திருப்பவளை மட்டும் கேட்காமல் விட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம்.

“எழுதல, போ.”

“உங்க கணக்குல நான் எத்தனை பேர், அக்கா?”

“ரெண்டு பேர்.”

“அப்போ ஒருத்தியை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்லேன்.”

சங்கு ஊதியது. தங்கை உள்ளே ஓடினாள்.

மறுநாள் அதிகாரி மேஜையில் அவள் வைத்த தாளில் நாலு வரிகூட இல்லை. ‘வேலைகள் கூடியுள்ளன. ஆட்களும் கூடினார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவரே இரண்டு இடத்தில் உழைத்தால் நாம் இரண்டாகவே எண்ணுகிறோம்.’

அதிகாரி திரும்பவும் படித்தார். “எந்தக் கம்பெனியிலம்மா?”

“பொதுவா சொன்னேன் சார்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். “சரி, இப்படியே போகட்டும்” என்று கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் டிபன் கேரியரோடு போய்த் தெருவோரத்தில் நின்றாள். தொப்பியைக் கழற்றியபடியே வந்த தங்கை மூடியைத் திறந்து பார்த்தாள்.

“எதுக்குக்கா இவ்வளவு?”

“ரெண்டு பேருக்கு.”

தங்கை நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். சங்கு ஊதுவதற்குள் ஒரு பருக்கை மிச்சமில்லை.