சர்வருக்குப் படைத்த கதை

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆபீசுக்குள் காலை வைத்ததுமே சர்வர் அறையிலிருந்து சாம்பிராணி வாடை அடித்தது. உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று சர்வர்களுக்கும் சந்தனம், குங்குமம், மேலே கதம்பம். காற்றுப் போகும் ஓட்டையெல்லாம் விபூதி. மூன்றில் பெரியது மட்டும் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. அதன் ஒயரை அழகாகச் சுருட்டி, பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்திருந்தார்கள்.

உழவர்கரைப் பக்கம் இருக்கிற சின்ன ஆராய்ச்சி நிறுவனம் எங்களுடையது. அங்கே கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு. எல்லாருடைய ஃபைல்களும் இந்த மூன்று சர்வர்களில் பிரிந்து கிடக்கும். ஆளுக்கொரு வால்யூம், அதாவது அவரவர் சாமான்களுக்குத் தனிப் பெட்டி. யாருடையது எந்த சர்வரில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை, ஒருத்தர் வந்து ஒயரைப் பிடுங்காதவரைக்கும்.

பிடுங்கியவர் எங்கள் சூப்பரின்டெண்ட். கேட்டதற்குக் கொஞ்சமும் கூசாமல் பதில் சொன்னார்.

"அந்த ஃபேன் காத்துல கற்பூரம் நிக்கவே மாட்டங்குதும்மா. அதான் புடுங்கிட்டேன். எங்கப்பா வேல செஞ்ச மில்லுல மெயினையே ஆஃப் பண்ணிட்டுத்தான் படைப்பாங்க. மெஷினுக்கும் ஒரு நாளு ரெஸ்ட்டு வேணாமா?"

"சார், அது தறி. இது வேல பாத்துக்கிட்டிருக்கும்போதே கழுத்த நெரிச்சிட்டீங்க!"

எல்லாச் சாமியையும் திட்டிக்கொண்டே ஒயரைச் சொருகினேன். சர்வர் எழுந்தது. அதிலிருந்த வால்யூம்களில் பாதி சேதமாகிவிட்டதென்று திரை முழுக்கப் புலம்பியது.

அதற்குள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஓடிவந்தாள். தேங்காய்த்திட்டுப் பெண். துறைமுகத்து மீன் ஏலம்தான் அவளுடைய ஆய்வு. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. வாங்கவேண்டிய நீட்டிப்பையெல்லாம் வாங்கித் தீர்த்திருந்தாள். எழுதியது மொத்தமும் அந்தப் பெரிய சர்வரில்தான். சொந்த லேப்டாப்பில் ஆபீஸ் வேலை எதையும் வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்ட புண்ணியவான் வேறு யார்? சாட்சாத் சூப்பரின்டெண்டேதான்.

"அக்கா, பூஜ அன்னிக்கு வீட்லேர்ந்து கடைசி சாப்டர எழுதிக்கிட்டிருந்தேன். படக்குனு கட்டாயிடிச்சி. நெட்டுதான் போச்சின்னு நெனச்சேங்க்கா."

பழுது பார்க்கும் புரோகிராமை ஒவ்வொரு வால்யூமாக ஓட்டவேண்டும். எந்த ஃபைல் எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று அது சரிபார்த்துக்கொண்டே போகும். ஃபோல்டர் போய்விட்டு ஃபைல் மட்டும் தப்பியிருந்தால் அதற்கு அநாதை என்று பெயர். அநாதைகளை அழித்துவிடலாம், அல்லது சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தால் பழைய பெயர் போய், வெறும் எண்ணோடு வரும். சேர்த்துக்கொள் என்று கட்டளை கொடுத்து, அவளுடையதை முதலில் ஓட்டினேன். நடுவில் இயக்குநர், தன்னுடையதை முதலில் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார். வரிசையில் வரச் சொல்லிவிட்டேன்.

முடிந்ததும் எண் போட்ட ஃபைல்களை அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் சாப்டர் வந்தது. மூன்றாவது வந்தது. என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்பாடா, நான்கு வந்துவிட்டன. ஐந்தாவது, அந்தக் கடைசி சாப்டர், திறந்தால் வெறும் வெள்ளை. மறுபடி ஓட்டினேன். அப்போதும் வெள்ளைதான்.

பின்னால் நின்ற சூப்பரின்டெண்ட் நிலைமை புரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா, பொழச்சிக்கிச்சி! சாமி காப்பாத்திட்டாரு!"

அவள் திரும்பினாள். "சாமி காப்பாத்துனது நாலு சாப்டரு சார். அஞ்சாவத நீங்கதான் கொன்னீங்க."

மனிதரின் முகம் செத்துவிட்டது. விறுவிறுவென்று வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் தன் அறைச் சாவியோடு திரும்பி வந்து அவளிடம் நீட்டினார்.

"என் ரூம்ல ஏசி இருக்குது. அங்க உக்காந்து எழுதும்மா. எவன் உள்ள வரான்னு நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து தன் அறைக்கு வெளியே ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தார். டீ கொண்டுபோன என்னையே, "இங்கியே வெச்சிட்டுப் போம்மா" என்று விரட்டினார். கையெழுத்துக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் மடியில் வைத்தே போட்டுக்கொடுத்தார். அவர்மேல் இருந்த கோபம் எனக்குப் பாதி கரைந்துவிட்டது. பாதிதான்.

கெடுவுக்குள் அவள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். கொடுத்த கையோடு மாடிப்படியில் என்னை மறித்தாள்.

"அக்கா, மொதல்ல எழுதனதவிட இதான் நல்லா வந்துருக்குது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எந்தக் காலத்திலும் இது அவர் காதுக்குப் போகக் கூடாதென்று, கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னை விட்டாள்.