ஏழாவது மாடியில் கடலை மசாலா

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் எதிர்வீட்டு அக்கா. பக்கத்து மேசையில், கழுத்தில் ஆபீஸ் அட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்கள். சுவரோரமாக, வேலைக்குப் போகிற பெண்கள் மூன்று பேர். வாசலில் கருப்புக் கோட்டுப் போட்ட காவலாட்கள் இரண்டு பேர். கல் மேடைக்கு அந்தப் பக்கம், முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு கண்ணாடித் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் மகள். சென்னையில் ஓர் ஓட்டலின் ஏழாவது மாடியில் இருந்த பார் அது. சாயங்காலம்தான், இன்னும் இருட்டவில்லை. மகளை வேலையை விடவைத்துக் கையோடு ஊருக்குக் கூட்டிப்போக அக்கா வந்திருந்தார். நான் துணைக்குப் போனவள்.

செங்கல்பட்டில் ஒயின்ஷாப்புக்குப் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு தள்ளுவண்டி இருந்தது. சுண்டல், அவித்த முட்டை, கடலை மசாலா. புருஷன் போன பிறகு, குடித்துவிட்டு வருகிறவர்கள் முன்னால் தினமும் நின்றுதான் மகளைக் கேட்டரிங் படிக்க வைத்தார். எங்கள் தெருவில் சில பெண்கள் மாமல்லபுரத்து ரிசார்ட்டுகளில் அறை சுத்தம் செய்யப் போகிறவர்கள். அதனால் ஓட்டல் வேலை என்றதும் அக்கா பயப்படவில்லை. மகள் ரிசப்ஷனில் இருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். ஒரு நாள் மகளே போனில் உண்மையைச் சொல்லிவிட்டாள், பாரில் சரக்கு கலந்து கொடுக்கிற வேலை என்று. அக்கா என் தையல் மெஷினுக்கு எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார். "இன்னா பொயப்புடி இது? நான் நின்ன எடத்துல அவ நிக்கக் கூடாதுன்னுதான படிக்க வெச்சேன்? டிப்ளமா வாங்கிகினு அங்கியே போய் நின்னுகினு கீறா" என்றார். அழவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன், துணிமணியைக் கட்டி வை என்று மகளிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாராவது இங்கிலீஷில் கேட்டால் என்ன சொல்வதென்று மாம்பலத்தில் இறங்கும்போதே அக்காவிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். வீட்டில் தி.நகருக்கு லைனிங் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அது பொய்யாகிவிடக் கூடாதே என்று உண்மையிலேயே நாலு மீட்டர் எடுத்துக்கொண்டேன். பாரின் வாசலில் மணிக்கட்டில் நீல மையால் ஒரு முத்திரை குத்தினார்கள். ராத்திரிக்குள் இது போகுமா, வீட்டுக்காரர் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்று அக்காவிடம் முணுமுணுத்தேன். "ஆஸ்பத்திரியில குத்துனாங்கன்னு சொல்லுமே. எல்லாத்துக்கும் நடுங்கிகினு" என்றார்.

ஆனால் உள்ளே போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. பார்க்கப் பார்க்க இன்னும் பார்க்க வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்த பார் என்றால் நசுங்கிய பிளாஸ்டிக் தம்ளர், எச்சில், சுவரோரம் வேட்டி விலகிக் கிடக்கிற ஒரு ஆள். இங்கே பாட்டில்களுக்குப் பின்னால் விளக்குப் போட்டிருந்தார்கள். தேன் நிறம், கஷாய நிறம், பச்சைத் தண்ணீர் போல ஒன்று. ஒரு தம்ளரிலிருந்து புகை வந்தது. தீப்பிடித்துவிட்டதென்று நான் எழுந்தே விட்டேன். அந்த மூன்று பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டே குடித்தார்கள், யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் அக்காவுக்கும் மகள் எலுமிச்சை ஜூஸ் அனுப்பியிருந்தாள். தம்ளர் விளிம்பெல்லாம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று முந்தானையால் சுற்றிலும் துடைத்துவிட்டேன். அது உப்பாம், வேண்டுமென்றே வைப்பதாம். மேடைக்குப் பின்னாலிருந்து மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

கடலை மசாலா வந்தது. விலை முந்நூறு ரூபாய் என்று அட்டையில் பார்த்து நான்தான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். "அடப்பாவிங்களா!" என்று அக்கா ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டார். "காரமே இல்ல. வெங்காயம் காலையில அரிஞ்சது. இத்த என் வண்டியில குடுத்தா மூஞ்சியில வீசிட்டுப் பூடுவான்." அவ்வளவுதான் பேசினார். மற்ற நேரமெல்லாம் மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு ஊற்றுகிறாள், வாங்குகிறவன் எங்கே பார்க்கிறான் என்று.

பக்கத்து மேசை ஆள் எழுந்து போய் மேடையில் கையை ஊன்றி இன்னொன்று கேட்டான். மகள் போதும் என்றாள் போலிருக்கிறது. அவன் குரல் ஏறியது. மேடையைத் தட்டினான். அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன், அது மரக்கட்டை போல இருந்தது. மகள் பதிலுக்குக் கத்தவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரை அவன் முன்னால் வைத்தாள். அவனைப் பார்க்காமல், அவன் கூட வந்தவனைப் பார்த்து இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னாள். அதற்குள் வாசலில் நின்ற கோட்டுக்காரர்கள் இரண்டு பேரும், யாரும் கூப்பிடாமலே, வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள். பேசவுமில்லை, அவனைத் தொடவுமில்லை. சும்மா நின்றார்கள். தட்டியவன் கையை எடுத்தான். "சாரி மேடம்" என்றான். கூட்டாளி அவனைத் தோளில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

அக்கா மெல்ல உட்கார்ந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "தண்ணி வெக்கிறது, கூட்டாளியப் பாக்கறது, அதெல்லாம் நானும் செய்வேன். எம் பின்னால ஒரு ஆளு வந்து நின்னதில்லடி." வண்டியைக் கவிழ்த்தவர்கள் உண்டு, கையைப் பிடித்து இழுத்தவர்கள் உண்டு. மறுநாள் சாயங்காலம் அதே இடத்தில் அடுப்பை மூட்டியிருப்பார். தினமும் பார்த்த எனக்கே அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை. பின்னால் ஒரு ஆள் நிற்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் மகள் மேசைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "பேக் ரெடியா இருக்குமா. மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வரட்டா?" என்றாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பில்லு எங்க?" என்றார். "நான் பாத்துக்கறேன்மா" என்றாள் மகள். "கடைக்கு வந்தா காசு குடுத்துட்டுத்தான் போவணும். எங்கிட்ட எத்தினி பேரு அக்கவுண்ட்டுல வெச்சிக்கன்னு சொல்லிட்டு ஓடியிருக்கானுங்க" என்று சுருக்குப் பையை அவிழ்த்தார். பத்தும் இருபதுமாக ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய். அந்தக் கண்ணாடித் தட்டில் நோட்டு நிற்காமல் சரிந்தது. மகள் கட்டி வைத்திருந்த துணிப் பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போ, ஆளுங்க காத்துகினு கீறாங்க" என்று மட்டும் சொன்னார்.

மின்சார ரயிலில் ஊரப்பாக்கம் தாண்டியதும் பெண்கள் பெட்டி காலியாகிவிட்டது. வேறு நாளாக இருந்தால் நான் ஆள் இருக்கிற பெட்டிக்கு ஓடியிருப்பேன். அன்றைக்கு என் பங்கை எண்ணி எடுத்து அக்காவிடம் நீட்டினேன். "வெச்சிக்க. அடுத்த வாட்டி போவும்போது நீ குடு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வாட்டி என்று அவர் சொன்னது எனக்கு உறைக்கவே ஒரு ஸ்டேஷன் தாண்டிவிட்டது.

மகள் இன்னும் அதே மேடைக்குப் பின்னால்தான் நிற்கிறாள். பாரில் வேலை என்றே அக்கா இப்போது தெருவில் சொல்கிறார், கேட்காதவர்களிடமும். ஆடி, தீபாவளி, கல்யாண சீசன் என்று எனக்குத் தையல் வேலை வந்துகொண்டே இருப்பதால் நாங்கள் இன்னும் மறுபடி போகவில்லை. பணத்தைக் கொடுக்கப் போனால், போகும்போது பார்த்துக்கலாம் என்கிறார். அவருக்கு நான் தரவேண்டியது ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.