எங்கள் பாட்டன் வெறும் திருடன்தான்

சிங்கப்பூரில் என் மகள் செல்வி வாங்கி வரும் கோழிக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. யார் கை அறுத்தது என்று கேட்டால், "மெஷின் அறுத்திருக்கும், விடும்மா" என்கிறாள். எனக்கு அது பெரிய ஆச்சரியம். யார் கை அறுப்பது என்பதுதான் உடையார்பாளையம் பக்கத்தில் எங்கள் வீட்டின் தலைமுறைக் கவலையே. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல செல்விதான் எழுதுகிறாள், நடுநடுவே சிரித்துக்கொண்டு.

எங்கள் வீட்டு ஆண்கள் கத்தி எடுப்பதில்லை. கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுப்போம். காரணம், அப்பாவின் பாட்டனுக்கும் முந்திய சின்னமுத்து. வெள்ளைக்காரன் அவருக்கு விலங்கு மாட்டிக் கப்பலேற்றிவிட்டான். அப்படியென்றால் கொலைதான் செய்திருப்பார் என்று ஊரே முடிவு கட்டியது. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும்போது பங்காளிகள் முறை வைத்து அரிவாள் பிடிப்பார்கள். எங்கள் முறை மட்டும் வராது. தம்பி ராசேந்திரன் சின்னப் பையனாக இருந்தபோது ஆசையாக அரிவாளைத் தொட்டான். ஒரு பெரியப்பா பிடுங்கிக்கொண்டார். "ஒங்க வூட்டுக் கையில இருக்கற ரத்தம் போதும்டா, தள்ளி நில்லு." முந்திரித் தோப்பு, டிராக்டர் எல்லாம் வைத்துக்கொண்டு, பேரன் எடுத்த பிறகும் தம்பி தள்ளியேதான் நின்றான்.

அந்தக் காலத்தில் இங்கே சிங்கப்பூரில் கைதிகளைக் கொண்டுவந்துதான் ரோடு போட்டார்களாம். செல்வி கேள்விப்பட்டு வந்து, தேடிப் பார்ப்போமா என்றாள். எனக்குப் பயம். கொலை என்றே எழுதியிருந்தால் தம்பிக்கு இருக்கிற அரை நம்பிக்கையும் போய்விடுமே. யோசித்து யோசித்துக் கடைசியில் சரி என்றேன்.

பழைய பதிவுகள் வைத்திருக்கும் ஆபீஸில் ஏசி எலும்பைத் துளைத்தது. பேத்தி வயதில் ஒரு சீனப் பெண் தேடி எடுத்து வைத்திருந்தாள். சின்னமுத்து, தகப்பன் அடைக்கலம், உடையார்பாளையம், இடது காது கிழிந்தவர். மாடு குத்திக் கிழித்த அந்தக் காது எங்கள் வீட்டு ஒப்பாரியிலேயே வரும். அவரேதான். பிறகு அந்தப் பெண் குரலைத் தணித்து, துக்கம் விசாரிப்பதுபோல ஏதோ சொன்னாள்.

"என்னடி சொல்றா?"

"கூட்டா சேந்து களத்துல நெல்லு திருடியிருக்காரும்மா."

"ஆளு செத்தானா?"

"ஒருத்தருக்கும் அடிகூட இல்லயாம்."

நான் சிரித்துவிட்டேன். கிழவிக்குப் புரியவில்லை என்று நினைத்து அந்தப் பெண் மூட்டை தூக்குவதுபோல நடித்தே காட்டினாள். அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தேன். பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னொன்றும் சொன்னாள்: விடுதலையான பிறகும் அவர் ஊருக்குத் திரும்பவில்லை, இங்கேயே மாட்டுவண்டி ஓட்டிச் செத்துப்போனார். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் மூன்று மாதம் என்று சொல்லி வந்து இங்கேயே தங்கிவிட்டவள்தான்.

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"இனிமே திருடன் வூடுன்னு சொல்லுவானுவளேக்கா."

"சொல்லட்டும்டா. களத்துல கைய வெக்காதவன் எவன் இருக்கான் நம்மூர்ல?"

பங்காளிகள் கூடிப் பேசி, இந்த வருடம் முதல் முறையே ராசேந்திரனுக்கு என்றார்கள். கிடா வெட்டு அன்று போனில் படத்தோடு பார்த்தேன். அரிவாளை வாங்கினான். கிடா அவனைப் பார்த்தது, அவன் கிடாவைப் பார்த்தான்.

"அக்கா, எனக்கு வெட்டத் தெரியாதே."

கோயிலே சிரித்தது. அன்று பிடுங்கிய பெரியப்பாவின் மகனிடமே அரிவாளைக் கொடுத்து, "இந்த வருசம் புடிச்சதே போதும்ப்பா, நீ வெட்டு" என்றான். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

பிறகு கறியைக் கூறு போட்டார்கள், வீட்டுக்கு ஒரு கூறு. தம்பி எங்கள் கூறைப் பிரித்துத் தேக்கிலையில் இரண்டு பங்கு தனியாக வைத்தான்.

"சின்னமுத்துக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணுக்கா."

"நான் எப்புடிடா இங்கேருந்து திங்கிறது?"

"அவரு மட்டும் எந்திரிச்சு வந்தா திங்கப் போறாரு?"

போனை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டான். எடுக்க ஆளில்லாத இரண்டு பங்கிலும் ஈ மொய்க்க ஆரம்பித்தது. செல்வி சிரிக்கச் சிரிக்க, நான் இங்கிருந்தே கையை வீசி வீசி ஓட்டிக்கொண்டிருந்தேன்.