வரிசையில் விடுபட்ட வீடு

டெல்சியா ஹோஸ்டனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. வகுப்பில் உட்கார்ந்தால் பெஞ்சு ஆடும், வீட்டில் உட்கார்ந்தால் மேசை ஆடும். "காலை ஆட்டாதடி. புயல்ல மிஞ்சினது இந்த நாலு சுவருதான், அதையும் நீ சாய்ச்சுடாத" என்பாள் அயோன் சித்தி. பதினாறு வயதுப் பெண் வேண்டுமென்று ஆட்டவில்லை. அவள் எப்போதும் கிளம்பத் தயாராக இருந்தாள். அம்மா அமெரிக்காவுக்கு, புரூக்ளினுக்குப் போய் நாலு வருஷமாகிறது. ஐந்தாம் ஃபாரம் பள்ளியிறுதிப் பரீட்சையில் தேறிவிடு, ரிசல்ட் வந்த கையோடு கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து பெட்டி கட்டிலுக்கடியில் கட்டியபடியே இருக்கிறது. வேண்டிய சட்டையை அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வாள், துவைத்ததும் அதற்குள்ளேயே மடித்து வைப்பாள். அலமாரி காலியாகக் கிடந்தது.

படிப்பும் அவள் தேடிப் போனதல்ல. அவள் அறிவியல் பிரிவில் இருந்தவள். கிரெனடாத் தீவையே உரித்துப் போட்ட அந்தப் புயல் குயாவ் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதலில் எடுத்துக்கொண்டு போனது ஆய்வுக்கூடத்தின் கூரையைத்தான். டாக்டராகப் போகிறேன் என்று பீற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் ஒரே காற்றில் கலைப்பிரிவில் வந்து விழுந்தார்கள். டெல்சியாவுக்குக் கிடைத்தவை ஆங்கில இலக்கியமும் சமூகக் கல்வியும். வாத்தியார்களும் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்ததால் இரண்டுக்கும் மிஸ் காடோர் ஒருத்திதான். காலையில், வகுப்பறைக்குப் பதிலாகப் போட்ட கூடாரத்துக்குள் நாடகம், மதியம் அதே கூடாரத்தில் மக்கள்தொகை. இரண்டுக்கும் அதே பிரம்பு, அதே வாய்.

அந்த வருஷ நாடகத்தில் ஒரு வேலைக்காரன் வருவான். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் அந்த வீட்டு ஆட்களைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வருவான், எஜமானரின் மூத்த மகளை மட்டும் விட்டுவிடுவான்.

"ஏன் விட்டான்?" என்றாள் மிஸ் காடோர். "டெல்சியா, பெஞ்சை ஆட்டுனது போதும், எழுந்து பதில் சொல்லு."

"மறந்துட்டான் மிஸ்."

கூடாரம் சிரித்தது. "எழுதினவன் நீ இல்ல, அவனுக்கு ஞாபகசக்தி இருக்கு. உக்காரு" என்றாள் மிஸ். டெல்சியாவுக்கு எரிச்சலாக வந்தது. வேலைக்காரன் யாரை விட்டால் இவளுக்கென்ன? புரூக்ளினில் யாரும் அதைக் கேட்கப் போவதில்லை.

சமூகக் கல்விக்கு ஒரு ஆய்வு உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் கேள்விகள் தயாரித்து ஊருக்குள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். அந்த மதிப்பெண் கடைசிப் பரீட்சையோடு சேரும். பெற்றோர் வெளிநாடு போவதால் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதை டெல்சியா எடுத்துக்கொண்டாள். அதிகம் அலைய வேண்டாம் என்று சொந்தத் தெருவையே பிடித்தாள். அவள் தெருவில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத வீடு எது? கப்பல் வந்தால் வெளிநாட்டுச் சாமான் நிரப்பிய பீப்பாய் வராத வாசல் எது? ஒரே சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்று எழுதும் அட்டையும் பேனாவுமாகக் கிளம்பினாள்.

அட்டையும் பேனாவும்தான் காரியத்தைக் கெடுத்தன. புயல் நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். வெளிநாட்டில் ஆள் உள்ள வீட்டுக்குக் கூரைத் தகரம் கடைசியில்தான் கிடைத்தது. அந்த ஆறாத வயிற்றெரிச்சலோடு தெரு அவளுக்காகக் காத்திருந்தது.

"வெளிநாட்டிலயா? எங்களுக்கு நாதியே கிடையாது. எழுதிக்கோ" என்றான் மீன்பிடிக்கிற கிளைட் அண்ணன். அமெரிக்காவிலிருந்து வந்த புது ஷூ காலில் பளபளத்தது. "கூரையும் இல்ல. அதையும் எழுதிக்கோ."

"அண்ணே, இது பள்ளிக்கூடத்துக்கு."

"போன தடவையும் அப்படித்தான் சொன்னாங்க. எதிர்வீட்டுக்காரனுக்கு லாரியில தகரம் வந்து இறங்குச்சு."

தெருக்காரி மிஸ் ஐவி ஒரு படி மேலே போனாள். அவள் மகன் புரூக்ளினில் டெல்சியாவின் அம்மா இருக்கும் அதே தெருவில் இருக்கிறான். ஞாயிறுதோறும் அவனோடு அவள் போனில் கத்துவது கடற்கரைவரை கேட்கும். "செத்துட்டான்னு வேணா எழுதிக்கோ கண்ணு. அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

திங்கட்கிழமை மிஸ் காடோர் தாள்களைப் புரட்டினாள். "ஒரு வீட்டுக்குக்கூட வெளிநாட்டில ஆள் இல்லையா? அப்போ கப்பல்ல வர்ற பீப்பாயெல்லாம் மீனுங்க வரவழைக்குதா? ஒரு வாரம் தர்றேன். திரும்பக் கேட்டுட்டு வா, இல்லேன்னா சைபர்."

சைபர் வாங்கினால் பாடம் போச்சு, பாடம் போனால் புரூக்ளின் போச்சு. டெல்சியா அட்டையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு வெறுங்கையோடு மறுபடி தெருவில் இறங்கினாள். கிளைட் அண்ணனோடு உட்கார்ந்து வலையில் சிக்கிய குப்பையை எடுத்தாள். மிஸ் ஐவியின் வாசலில் துவரை உரித்தாள். தங்கள் வீட்டைப் பற்றி அப்போதும் ஒருவரும் மூச்சுவிடவில்லை. பக்கத்து வீட்டைப் பற்றி என்றால் மட்டும் சங்கதிகள் ஆறாகப் பெருகின. யார் எங்கே போனார்கள், யார் பணம் அனுப்புவதை நிறுத்தினார்கள், எந்தப் பிள்ளை ராத்திரியில் படுக்கையை நனைக்கிறது, எல்லாம் வந்து கொட்டியது. அவ்வப்போது ஈரப்பலா மரத்துக்குப் பின்னால் ஓடி, சட்டைப்பையில் மறைத்திருந்த தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சரிபார்த்தாள். எல்லாம் அச்சாகப் பொருந்தியது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பாடம் அவளுக்குப் பிடித்துப்போனது.

வெள்ளிக்கிழமை எழுதியதை வரிசைப்படுத்தும்போதுதான் அது கண்ணில் பட்டது. மிஸ் ஐவி கடற்கரை முனையிலிருந்து வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்து, மொடெஸ்ட் குடும்பத்து வீட்டிலிருந்து நேரே தையற்காரர் வீட்டுக்குத் தாவியிருந்தாள். நடுவில் இருப்பது டெல்சியாவின் வீடு. முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வாள் என்று விட்டுவிடலாம். ஆனால் கிளைட் அண்ணனும் அங்கேதான் தாவியிருந்தான். தையற்காரரும் அப்படியே. எந்த வீட்டையும் சும்மா விடாத தெரு ஒரு வீட்டை மட்டும் விட்டிருந்தது.

அவள் மிஸ் ஐவியிடம் ஓடினாள். "எங்க வீட்டைச் சொல்லலையே?"

மிஸ் ஐவியின் கை துவரைக்குள் புதைந்தது. "மழை வரும்போல இருக்கு. போய்த் துணியை எடு, போ."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. திரும்பி நடக்கும்போது கூடாரத்தில் தான் சொன்ன பதில் டெல்சியாவுக்கு ஞாபகம் வந்தது. அந்த வேலைக்காரன் எதையும் மறக்கவில்லை என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

அயோன் சித்தி எண்ணெயில் மாவு வட்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். டெல்சியா மூலையில் கிடந்த அட்டையை எடுத்துவந்து மேசைமுன் உட்கார்ந்தாள். கால் ஆடத் தொடங்கியது.

"ஒரு வீடு பாக்கி இருக்கு சித்தி. கேள்வி கேக்கணும்."

"கேளு. தகரம் கிடைக்குமா?" என்று சித்தி சிரித்தாள்.

"இந்த வீட்டு ஆள் யாராவது வெளிநாட்டில இருக்காங்களா?"

"உங்கம்மா."

"பிள்ளையை அழைச்சுக்கப் போறாங்களா? ஒரு வருஷத்துக்குள்ள, அப்புறமா, இல்ல. மூணுல ஒண்ணு சொல்லணும்."

சித்தி வட்டைப் புரட்டவில்லை. அது கருகத் தொடங்கியதும் அடுப்பை அணைத்தாள்.

"யாரு சொன்னா?"

"யாருமே சொல்லல. அதான் கேக்கறேன்."

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "கிறிஸ்துமஸ் அப்பவே எனக்குத் தெரியும் டெல்சி. உன் பரீட்சை முடியட்டும்னு வாயை மூடிட்டிருந்தேன். அங்க அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. கைக்குழந்தை ஒண்ணு இருக்கு. உன்னைப் பத்தி அந்த ஆள்கிட்ட அவ சொல்லவே இல்ல."

டெல்சியா மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தாள். பேனா தாளைக் கிழித்தது. அடுத்த கேள்வியை வாசித்தாள், அவளே போன மாதம் எழுதியது. "இதனால் பிள்ளையின் மனநிலை எப்படி உள்ளது? நன்று, சுமார், மோசம்."

"அதை நான் எப்படிம்மா சொல்றது?"

மேசை ஆடியது. அதன்மேல் இருந்த கோப்பையும் தட்டும் கிணுகிணுத்தன. காலை ஆட்டாதே என்று சித்தி சொல்லவில்லை.